ஐந்தாவது மணி நேரம்

அப்பா முதல் துண்டை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நான் என் தட்டைப் பார்ப்பதுபோல் அவருடைய தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்வரிசைக் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்த பிறகு அவர் எதையும் இடது பக்கமாகத்தான் மெல்கிறார். ஒரு கட்டத்தில் டிஷ்யூவை எடுத்து வாயைத் துடைப்பதுபோல் துடைத்து, அதைச் சுருட்டித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "கேரட் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றார். அந்த டிஷ்யூவுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அது என்னுடைய மூன்றாவது பாட் ரோஸ்ட், அதாவது பெரிய மாட்டிறைச்சித் துண்டை மூடிய பாத்திரத்தில் கொஞ்சம் சாற்றோடு மணிக்கணக்கில் வேகவைப்பது. மெல்லிய சூட்டில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கரை வாங்கியதே அவருக்காகத்தான். மாட்டிறைச்சி என்றால் அவருக்கு உயிர், ஆனால் பல் போன பிறகு கொத்துக்கறி தவிர வேறு எதையும் தொட முடியவில்லை. காலையில் போட்டுவிட்டால் மாலையில் கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கும், கரண்டியாலேயே பிய்த்துச் சாப்பிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் அது மூன்று முறையும் ரப்பராகவே வந்தது. மூன்று முறையும் செய்தது ஒரே தப்பு அல்ல என்பது அப்போது தெரியாது. வாயில் மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தன.

முதல் முறை வாங்கியது பின்தொடைக் கறி. கொழுப்போ ஜவ்வோ இல்லாமல், சுத்தமாகச் சிவந்திருந்ததால் அதுதான் நல்ல கறி என்று நினைத்தேன். குக்கரின் வேகமான அமைப்பான 'ஹை'யில் வைத்து நான்கு மணி நேரம். இரண்டாவது முறை, விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னபடி, முன்தோள் பகுதியிலிருந்து எடுக்கும் 'சக்' என்ற துண்டை வாங்கினேன். கொழுப்புக் கோடுகளும், நடுவில் விரல் தடிமனில் வெள்ளை ஜவ்வும் ஓடும் துண்டு. மெதுவான அமைப்பான 'லோ'வில் ஆறு மணி நேரம். அதுவும் கடினம். அங்கேதான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: கூடுதலாக வெந்துவிட்டது. முட்டை கூட வெந்தால் ரப்பராகிறது, மீன் கூட வெந்தால் சக்கையாகிறது, மெல்லிய ஸ்டேக் ஒரு நிமிடம் தாண்டினால் கட்டையாகிறது. கறியும் அப்படித்தானே? அதனால் மூன்றாவது முறை நேரத்தைக் குறைத்தேன். ஐந்து மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். அதன் பலன்தான் அந்த டிஷ்யூ.

இன்றும் யாராவது ஸ்லோ குக்கரில் கறி கடினமாக வந்துவிட்டது என்றால் அவர்கள் செய்யும் அடுத்த காரியம் இதுதான். நேரத்தைக் குறைப்பார்கள். அல்லது தண்ணீரைக் கூட்டுவார்கள். இரண்டுமே எதிர்த் திசை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது, ஏனென்றால் அந்தத் துண்டு அநேகமாக நல்ல துண்டுதான், பாதி வழியில் இறக்கிவிடப்பட்டது, அவ்வளவுதான்.

இரவு பத்தே முக்கால்

நான்காவது முறையும் சக்தான். ஒன்றரைக் கிலோ, முழுத்துண்டு. மதியம் ஒன்றரை மணிக்கு 'லோ'வில் வைத்தேன். ஆறரைக்கு மூடியைத் திறந்து முள்கரண்டியால் குத்தினேன். முள் உள்ளே போகிறது, ஆனால் கறி அதைப் பிடித்துக்கொள்கிறது. வெளியே இழுக்கும்போது துண்டு முழுவதுமாக முள்ளோடு எழும்பி வருகிறது. ஓரத்தில் ஒரு சீவல் வெட்டி வாயில் போட்டேன். அதே ரப்பர். அதே நெறுநெறுப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பாவுக்கு ஆம்லெட்டும் ரொட்டியும் செய்து கொடுத்தேன். "விடும்மா, அதுக்கு நேரம் வரலை" என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போனார். அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கறிதான் போச்சு, சாறாவது தேறட்டும், நாளைக்கு சூப்புக்கு ஆகும் என்று மூடியைத் திரும்பப் போட்டு அப்படியே விட்டேன். பிறகு வேலையில் உட்கார்ந்தவள் அதை மறந்தே போனேன்.

இரவு பத்தே முக்கால் இருக்கும். தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தபோது வாசனை வேறாக இருந்தது. மாலையில் இருந்தது வெந்த கறி வாசனை. இது அடர்த்தியான, கொஞ்சம் இனிப்பு கலந்த வாசனை. மூடியைத் தூக்கினேன், உட்பக்கம் திரண்டிருந்த நீர்த்துளிகள் சொட்டின. சாற்றிலிருந்து கறியை எடுத்து வைத்துவிடலாம் என்று முள்கரண்டியைக் குத்தித் தூக்கினேன். முள்கரண்டி மட்டும் வந்தது. சரியாகக் குத்தவில்லை போலிருக்கிறது என்று திரும்பக் குத்தினேன். இந்த முறை முனையில் ஒரு கொத்து நார் ஒட்டிக்கொண்டு வந்தது, துண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. முள்ளை உள்ளே விட்டு மெல்லத் திருகினேன். நார்கள் ஒன்றையொன்று விட்டு விலகின, ஈரமான கயிற்றைப் பிரித்தால் புரி புரியாக விலகுமே, அது மாதிரி. நடுவில் அந்த விரல் தடிமன் வெள்ளை ஜவ்வு இருந்த இடத்தைத் தேடினேன். அங்கே கண்ணாடி மாதிரி ஏதோ ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. கரண்டி முனையால் தொட்டதும் கரைந்து ஓடியது.

நின்றபடியே சாப்பிட்டேன். மெல்லவே வேண்டியிருக்கவில்லை, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினால் போதும். உதடுகள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டின. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிரித்தால் பசை மாதிரி பிசுபிசுத்தது. நான்கு மணி நேரத்துக்கு முன்னால் தோற்றுப்போனது என்று நான் முடிவு கட்டிய அதே துண்டு. எதையும் சேர்க்கவில்லை, எதையும் மாற்றவில்லை. விட்டுவைத்தேன், அவ்வளவே. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டாவது முறை, மூன்றாவது முறை, எந்த நேரத்தில் எடுத்தேன் என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் அதே சாற்றில் மெல்லச் சூடு செய்து அப்பாவுக்கு வைத்தேன். கத்தி வைக்கவில்லை. அவர் கரண்டியின் பக்கவாட்டால் அழுத்தினார், அது பிரிந்தது. முதல் வாய்க்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறை தட்டை நீட்டும்போதுதான், "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அன்று அவர் இரண்டு பக்கமும் மென்றார்.

இரண்டு வேகம்

அந்த நான்கு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு அடங்கவில்லை. படிக்கப் படிக்கப் புரிந்தது: ஒரு துண்டு இறைச்சிக்குள் இரண்டு காரியங்கள் இரண்டு வேகத்தில் நடக்கின்றன. ஒன்று தசை நார். பச்சைக் கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்தான். சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே நாரில் உள்ள மயோசின் என்ற புரதம் இறுகத் தொடங்குகிறது. 60ஐத் தாண்டும்போது நார்களைச் சுற்றியுள்ள உறைகள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. 70 டிகிரியை ஒட்டி ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் இறுகிவிடுகிறது. இதெல்லாம் வெப்பம் வந்தவுடன் நடந்துவிடும், காத்திருக்காது.

இன்னொன்று ஜவ்வு, அதாவது கொலாஜன். நடந்து நடந்து, தலையைத் தாழ்த்தித் தூக்கி, உடலைச் சுமந்து உழைத்த தசைகளில்தான் இது அதிகம்: தோள், கழுத்து, நெஞ்சு, முன்னங்கால். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு மாதிரியான அமைப்பு இதற்கு. ஈரமும் சூடும் சேர்ந்து, 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால்தான் அந்த முறுக்கு பிரிந்து, பசை மாதிரியான ஜெலட்டினாக மாறும். உள்சூடு 90ஐ ஒட்டிப் போகும்போது இந்த வேலை வேகமெடுக்கிறது. இதற்கு வெப்பம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும்.

இப்போது ஐந்தாவது மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். நார் தன் தண்ணீரில் நிறைய இழந்துவிட்டது. ஜவ்வோ இன்னும் ஜவ்வாகவே இருக்கிறது. அந்தத் துண்டின் வாழ்க்கையிலேயே அதுதான் மிக மோசமான நேரம்: பச்சையாக இருந்ததைவிடக் கடினம், வெந்தது மாதிரித் தோற்றம். அங்கே மூடியைத் திறந்து தீர்ப்புச் சொன்னால் எந்தக் கறியும் தோற்றுத்தான் போகும். பின்னாளில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அளந்து பார்த்தேன். ஐந்தாவது மணி நேரத்தில் நடுப்பகுதி 78 டிகிரி காட்டியது. 'வெந்துவிட்டதா' என்று கேட்டால் ஆம். பாதுகாப்பாகச் சாப்பிடலாமா என்றால் ஆம். மென்மையாக இருக்கிறதா என்றால் அது வேறு கேள்வி, அதற்கு 94க்கோ 95க்கோ போக வேண்டியிருந்தது.

இதில் என்னை மிகவும் பாதித்த விஷயம் ஒன்று உண்டு. நார் இழந்த தண்ணீர் திரும்பி வருவதே இல்லை. ஒன்பதாவது மணி நேரத்தில் நான் சாப்பிட்ட அந்தக் கறி உண்மையில் ஐந்தாவது மணி நேரக் கறியைவிட ஈரம் கூடியது அல்ல. வாயில் சாறாகத் தெரிவது கரைந்த ஜவ்வும் உருகிய கொழுப்பும்தான். அவை ஒவ்வொரு நாரையும் பூசி வழவழப்பாக்குகின்றன. வறட்சி வேறு, கடினம் வேறு. நான் இவ்வளவு நாளும் கறியின் தண்ணீரைக் காப்பாற்ற நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பாற்ற வேண்டியது அதுவல்ல.

இதனால்தான் என் முதல் தோல்வி மற்ற இரண்டிலிருந்து வேறுபட்டது. பின்தொடைக் கறியில் ஜவ்வு குறைவு, கொழுப்பும் குறைவு. அதை இன்னும் நான்கு மணி நேரம் விட்டிருந்தாலும் பூசுவதற்கு உள்ளே போதுமானது இல்லை, வறண்ட நாராகத்தான் பிரிந்திருக்கும். காத்திருப்பு எல்லாத் துண்டுக்கும் மருந்தல்ல. பார்வைக்கு அழகில்லாத, கோடு கோடாக வெள்ளை ஓடும், கடைக்காரர் கொஞ்சம் தயங்கி எடுத்துக் காட்டும் துண்டுக்குத்தான் அது பலன் தரும். அதற்கும் எல்லை உண்டு. பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் போனால் ஜெலட்டின் எல்லாம் சாற்றுக்குப் போய்விடும், நார் கூழாகி, அதே சமயம் வறண்டும் போகும்.

திறக்கப்படாத மூடி

ஸ்லோ குக்கர் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கிடைத்த கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றவர் இர்விங் நேக்ஸன். 1936இல் விண்ணப்பித்து 1940இல் பெற்றார். அவருடைய அம்மா லிதுவேனியாவில் வளர்ந்த யூதப் பெண். அங்கே சோலண்ட் என்று ஒரு உணவு: இறைச்சி, பீன்ஸ், காய்கறி. வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் பாத்திரத்தை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அடுப்பு மெல்ல மெல்லத் தணிய, இரவு முழுக்க அந்த மிச்சச் சூட்டிலேயே அது வேகும். மகன் தன் அம்மாவிடம் கேட்ட இந்தக் கதைதான் அந்தச் சாதனத்தின் தொடக்கம். 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, அடுத்த ஆண்டு கிராக்-பாட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்த மூடி. பாத்திரம் வேறொருவர் அடுப்பில் இருக்கிறது. யாரும் நடுராத்திரியில் போய்த் திறந்து குத்திப் பார்க்க முடியாது. அந்தச் சமையலில் ஐந்தாவது மணி நேரத்தை யாரும் பார்த்ததே இல்லை. நம் சாதனத்துக்கோ கண்ணாடி மூடி. பார்க்கத் தோன்றும், பார்த்தால் திறக்கத் தோன்றும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த சூட்டை மீட்க அதற்குக் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் வரை ஆகும். நான் முன்பெல்லாம் மணிக்கு ஒரு தடவை திறந்து சாற்றை மேலே ஊற்றுவேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் செய்த கெடுதல் அது.

'லோ'வும் 'ஹை'யும் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருந்தது. பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் இரண்டுமே கடைசியில் போய்ச் சேருவது கொதிநிலைக்குச் சற்றுக் கீழான ஏறத்தாழ ஒரே சூட்டுக்குத்தான். அங்கே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறு. நேரம் இருக்கிற நாளில் நான் 'லோ'வையே விரும்புகிறேன்.

இப்போது செய்வது

முந்தின இரவே உப்புத் தடவிவிடுகிறேன். ஒன்றரைக் கிலோவுக்குச் சுமார் 18 கிராம், தட்டில் வைத்து மூடாமல் ஃபிரிட்ஜில். காலையில் மேல்பரப்பு காய்ந்து இருண்டிருக்கும், உப்பு உள்ளே இறங்கியிருக்கும். துண்டை முழுதாக வைப்பதில்லை, குறுக்கே இரண்டாக வெட்டுகிறேன். சூடு நடுவைச் சென்றடைய ஆகும் நேரம் எடையைவிடத் தடிமனைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது. அது கிருமி பெருகும் 4 முதல் 60 டிகிரி வரையான சூட்டில் அதிக நேரம் கிடக்கும்.

கனமான வாணலியில் எண்ணெய் புகையத் தொடங்கும்போது கறியை வைத்து, அசைக்காமல், ஒவ்வொரு பக்கமும் நான்கைந்து நிமிடம். இது சாற்றை உள்ளே அடைத்து வைக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சொல்லி, அது இன்றைக்கும் அடுப்படிகளில் உலவுகிறது. உண்மையில் எதுவும் அடைபடுவதில்லை, முறுகிய பக்கத்திலிருந்தும் சாறு கசிவதை வாணலியிலேயே காணலாம். முறுக விடுவது சுவைக்காக மட்டும். ஸ்லோ குக்கரின் ஈரச் சூட்டில் அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் அவ்வளவு ஆழமாக வராது, அதனால் முன்கூட்டியே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். கறியை எடுத்த பிறகு அதே வாணலியில் வெங்காயம், ஒரு கரண்டி தக்காளி விழுது, பூண்டு. பிறகு ஒரு கப் எலும்புச் சாற்றை ஊற்றி, அடியில் பிடித்ததை மரக்கரண்டியால் சுரண்டிச் சேர்த்து அப்படியே குக்கருக்கு. ஒரு கப் போதும். முதல் முறை செய்பவர்களுக்கு இது பயமாக இருக்கும், கறி பாதிகூட மூழ்காது. ஆவி வெளியே போக வழியில்லாததால் கறி விடும் தண்ணீரெல்லாம் உள்ளேயே சேர்ந்து, மாலையில் இரண்டு மூன்று கப் ஆகியிருக்கும்.

கேரட்டும் உருளைக்கிழங்கும் கறிக்கு அடியில். வியப்பாக இருக்கும், ஆனால் ஸ்லோ குக்கரில் கிழங்குதான் கறியைவிடப் பிடிவாதம். அவற்றை இறுக்கமாக வைத்திருக்கும் பெக்டின் இளக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். தக்காளியின் புளிப்பு அதை இன்னும் தாமதப்படுத்தும். பாத்திரத்தின் அடியும் பக்கமும்தான் முதலில் சூடாகும் இடம் என்பதால் அவை அங்கே இருக்கட்டும். தைம், பிரிஞ்சி இலை, அவ்வளவுதான். மூடி.

எட்டு மணி நேரத்துக்கு முன்னால் திறப்பதில்லை. திறந்ததும் முள்கரண்டியைக் குத்தித் திருகுகிறேன். திருகும்போது எதிர்ப்பு இருந்தால், இன்னும் ஒரு மணி நேரம். சமையல் குறிப்பில் போட்ட நேரத்தைவிட அந்தத் திருகலைத்தான் நம்புகிறேன். விருந்துக்கு என்றால் முதல்நாளே செய்து, கறியையும் சாற்றையும் அகலமான பாத்திரங்களுக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் கொழுப்பு வெள்ளைத் தட்டாக மேலே உறைந்திருக்கும், தூக்கினால் ஒரே துண்டாக வரும். அதன் கீழே சாறு ஜெல்லியாக நிற்கும், பாத்திரத்தைத் தட்டினால் குலுங்கும். அப்பாவுக்கு அந்த ஜெல்லியை ரொட்டியில் தடவி உப்புத் தூவிக் கொடுத்தால் போதும், மதியம் வரை வேறு எதுவும் கேட்க மாட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள். சாயங்காலம் ஆறு மணி. காலையில் தாமதமாக எழுந்து பதினொன்றரைக்குத்தான் போட்டிருக்கிறாள். ஒன்பது மணிக்கு விருந்தாளிகள்.

"அக்கா, கட்டையா இருக்கு. கூட வெந்துடுச்சு போல. எடுத்துடவா?"

"திருகிப் பாத்தியா?"

"பாத்தேன். முள்ளே வளையுது."

"என்ன துண்டு வாங்கினே?"

"சக். நீ சொன்னதுதான்."

"ரெண்டா வெட்டிப் போட்டியா?"

"வெட்டினேன்."

"அப்ப மூடியைப் போடு. ஹையில மாத்து. ஒன்பது மணிக்கு முன்னாடி அதுகிட்ட போகாதே."

"அக்கா, ஆளுங்க வந்துடுவாங்க."

"வரட்டும். சூப்பு கொடு, பேசிட்டிரு. மூடியைத் திறக்காதே."

பத்தரைக்குத் திரும்பக் கூப்பிட்டாள். பின்னால் பாத்திரங்கள் உரசும் சத்தம், நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். அவள் வாயில் எதையோ வைத்துக்கொண்டே பேசியதால் முதல் வார்த்தை எனக்குப் புரியவில்லை.